1,386 வைரஸ் என்று காட்டிப் பணம் பறிக்கிறார்கள், கவனம்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டுக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வயதான பெற்றோர் தனியாகக் கணினி பயன்படுத்தும் வீடு என்றால் கட்டாயம் படியுங்கள்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அப்பாவின் கணினித் திரையில், வலது பக்கக் கீழ் மூலையில் "வைரஸ் தாக்கியுள்ளது" என்று ஆங்கிலத்தில் சிவப்புப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஓய்வூதியக் கணக்கை அவர் அதில்தான் பார்க்கிறார். பதறிப்போய், சிபியுவை ஆட்டோவில் வைத்து எம்.சி. ரோடு பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கிருந்தவர் பென் டிரைவிலிருந்து ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டி, கொட்டை எழுத்தில் 1,386 என்று காட்டினாராம். "இத்தனையும் வைரஸ் சார், பேங்க் பணத்துக்கே ஆபத்து." சுத்தம் செய்யவும் மூன்று வருட ஆன்டிவைரஸுக்கும் சேர்த்து 3,800 ரூபாய். ரசீது இல்லை, துண்டுச் சீட்டில் தொகை மட்டும்.

மறுநாளே அந்தச் சிவப்புப் பெட்டிகள் திரும்பி வந்தன.

கடைக்காரர் ஓட்டிய ஸ்கேனின் அறிக்கைக் கோப்பு கணினியிலேயே கிடந்தது. வரி வரியாகப் படித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை குக்கீகள். நாம் பார்க்கும் இணையதளங்கள் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள்தான் இவை. நம் நடமாட்டத்தைக் கண்காணிக்க விளம்பரக்காரர்களுக்கு உதவும், அவ்வளவே. நிரலைப் போல இவை தானாக இயங்காது. மீதியில் பெரும்பகுதி, எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன பதிவுகளும் தற்காலிகக் கோப்புகளும். வேண்டாத பிரவுசர் டூல்பார் ஒன்று இருந்தது. நல்ல மென்பொருள் போல வேடமிட்டு நுழையும் ட்ரோஜன் என்று ஒன்றுகூட இல்லை. குப்பைக்கூடையில் இருக்கும் காகிதங்களை எண்ணிக்காட்டி, வீட்டில் இத்தனை திருடர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்புப் பெட்டிகளுக்குக் காரணம் வேறு. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது, குரோமில் 'அலவ்' அழுத்தப்பட்டிருந்தது. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினேன். பெட்டிகள் நின்றுவிட்டன. காசு செலவே இல்லாத வேலை.

இதோடு முடிந்திருந்தால் பணம் போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். கடையில் போட்டுக்கொடுத்த ஆன்டிவைரஸ் திருட்டுப் பிரதி. அதை நீக்கியதும் விண்டோஸிலேயே வரும் டிஃபெண்டர் உயிர்பெற்றது. முழு ஸ்கேன் கொடுத்தேன். நேரமெடுக்க வேண்டிய வேலை சட்டென்று முடிந்து, ஆபத்து 0 என்று வந்தது. சோதித்த கோப்புகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. சந்தேகப்பட்டு எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்தால், சி டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! உரிமம் வாங்காமல் மென்பொருளை ஓடவைக்கும் தங்கள் கிராக் கோப்பு பிடிபடக் கூடாது என்பதற்காக, அப்பாவின் கணினியைக் காவலே இல்லாமல் திறந்துபோட்டுவிட்டார்கள். அந்த வரியை நீக்கி மறுபடி ஸ்கேன் செய்ததும் 'ஹேக்டூல்:வின்32/கீஜென்' என்று, போலி உரிமச் சாவி உருவாக்கும் கருவி சிக்கியது. கடைக்குப் போகும் முன் அந்தக் கணினியில் இல்லாத பொருள் அது. இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஆகவே 1,386-ஐயும் நம்ப வேண்டாம், 0-வையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் என்ன பெயர், கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிஃபெண்டரில் முக்காற்புள்ளிக்கு முன்னால் வருவது வகை. 'பியுஏ' என்றால் வேண்டாத மென்பொருள், நீக்கினால் போதும். ட்ரோஜன், வெளியாள் ரகசியமாக நுழைய வழிவிடும் பேக்டோர், கடவுச்சொல் திருடும் 'பிடபிள்யுஎஸ்' ஆகியவை கவலைப்பட வேண்டியவை. அதிலும், டவுன்லோட்ஸில் திறக்கப்படாத ஜிப் கோப்புக்குள் கிடப்பது ஒன்று, விண்டோஸ் தொடங்கும்போதே ஓடிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவது என்றால் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக ஏறும் முன் சோதிக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும்.

ஒரே ஒரு கோப்பின் மேல் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். பல நிறுவனங்களின் சோதனை ஒரே இடத்தில் கிடைக்கும். ஒன்றிரண்டு மட்டும் ஆபத்து என்று சொல்லி மற்றவை பேசாமல் இருந்தால், அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஆதார், பான், வங்கிக் கணக்கறிக்கை எதையும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய கோப்பு பலர் கைக்குப் போகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் உண்டு.

கடைக்குப் போய்க் கேட்டேன். "எல்லாக் கடையிலும் இப்படித்தான் தம்பி" என்றார் உரிமையாளர். பணத்தைத் திருப்பித் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வங்கிப் பணமே போய்விட்டதென்றால் அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் உடனே.

இந்தப் பகுதியில் அண்மையில் கணினியைக் கடையில் கொடுத்து வாங்கியவர்கள் இன்றே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து எக்ஸ்க்ளூஷன்ஸைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் கொடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை அந்தக் கணினியில் மாற்றாமல், போனிலிருந்து மாற்றுங்கள்.