குருவிடமா, மனநல ஆலோசகரிடமா? கல்யாணம் ஆகாத பக்தர் யாரிடம் மனம் திறப்பது

நாற்பதைத் தாண்டியும் திருமணம் ஆகவில்லை, கடவுள் நம்பிக்கையும் விட்டுப் போகவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கு மனம் கனத்துப் போனால் யாரிடம் பேசுவது? பொதுவாக மூன்று பேர் இருக்கிறார்கள்: வழிபடும் இடத்தின் குரு, மதம் சாராத மனநல ஆலோசகர், இரண்டையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் நம்பிக்கை சார்ந்த ஆலோசகர். எந்த வலிக்கு யார் என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு, அது போகப் போகத் தெரியும்.

குருவிடம் போவதில் பெரிய வசதி, எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. "இத்தனை வருஷம் வேண்டினேனே, ஏன் கேட்கவில்லை?" என்ற கேள்வியின் கனம் அவருக்குத் தெரியும். கட்டணம் கிடையாது. நன்றாகப் படித்தவராக இருந்தால் ஆறுதலுக்கு நிறைய எடுத்துக் காட்டுவார். பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 7ஆம் அதிகாரத்தில், மணமாகாதவர்கள் தன்னைப் போலவே இருந்துவிடுவது நல்லது என்கிறார் பவுல். இஸ்லாமிய அறிஞர்களில் இமாம் நவவியும் இப்னு தைமிய்யாவும் கடைசிவரை மணம் செய்யவில்லை. யூத மரபின் அறிஞர் பென் அஸ்ஸாய், தன் உள்ளம் யூத வேதமான தோராவின் மேல் காதல் கொண்டுவிட்டது என்று சொல்லித் தனியாகவே வாழ்ந்தவர்.

ஆனால் நடைமுறையில் பல குருமார்களின் கை முதலில் போவது வேறு பக்கத்துக்கு. "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற பைபிளின் ஆதியாகம வரியோ, திருமணம் மார்க்கத்தின் பாதி என்ற இஸ்லாமியக் கூற்றோ, "எல்லாத்துக்கும் வேளை வரும்" என்பதோதான் முதலில் வரும். கேட்பவருக்கு அது ஆறுதல் இல்லை, இன்னொரு தேதி தள்ளிவைப்பு.

இதைவிட நுட்பமான சிக்கல், துறவியையும் ஒண்டிக்கட்டையையும் ஒன்றாகப் பார்ப்பது. துறவி விரும்பி நோன்பு ஏற்றவர். அவருக்கு ஒரு மடமோ சபையோ இருக்கிறது, மரியாதை இருக்கிறது, நோயில் படுத்தால் பார்த்துக்கொள்ளச் சகோதரர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் அமையாமலே போனவருக்கு இதில் ஒன்றும் இல்லை, விசேஷ வீட்டில் "இன்னும் ஆகலையா?" என்ற கேள்வி மட்டும் உண்டு. "நானும் தனியாத்தானே இருக்கேன்" என்று ஒரு துறவி சொல்லும்போது அந்தத் துக்கம் அவருக்குப் பிடிபடவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

ரகசியம் காப்பதையும் யோசிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு, பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. அந்தக் கட்டுப்பாடு அந்தச் சடங்குக்கு மட்டும்தான். மற்ற நேரத்தில் மனம்விட்டுப் பேசியது அவரவர் நாகரிகத்தைப் பொறுத்தது. அதே குருவை உங்கள் அம்மாவும் அத்தையும் வாராவாரம் பார்க்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

மனநல ஆலோசகர் இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர். அவரது பலம் துக்கத்தைத் துக்கமாகவே பார்ப்பது. துயரத்தை ஆராயும் கென்னத் டோக்கா 1989இல் வகைப்படுத்திய ஒரு துயரம் உண்டு: இழந்தவருக்கு வலிக்கும், சமூகமோ அதை இழப்பு என்றே ஒத்துக்கொள்ளாது. கல்யாணம் அமையாததால் பிறக்காமலே போன பிள்ளைக்கு இழவு வீடு கிடையாது, துக்கம் விசாரிக்க ஆளும் வருவதில்லை. "அப்படி என்ன இழந்துட்டே?" என்று கேட்காமல் உட்கார்ந்து கேட்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான கார்ல் ரோஜர்ஸ், இறையியல் கல்லூரியில் படிக்கத் தொடங்கி, பிறகு உளவியலுக்கு மாறியவர் என்பது சுவாரசியம்.

குறை இல்லாமல் இல்லை. நம்பிக்கைக்காகப் பிரம்மச்சரியம் காப்பவரிடம், "ஏன் உங்களை நீங்களே கட்டிப்போடுறீங்க?" என்று கேட்கும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின், மனநோய்களை வகைப்படுத்தும் கையேடு 1994லேயே சமய, ஆன்மிகச் சிக்கல்களை நோய் என்று சொல்லாமல், கவனம் தர வேண்டிய விஷயமாகச் சேர்த்துவிட்டது. பக்தியைத் தொடத் தெரியாது என்று சொல்ல இன்று ஒருவருக்கும் நியாயம் இல்லை.

சரி, மூன்றாமவர்? கேட்பதற்கு இவர்தான் பொருத்தம் போலத் தோன்றும். இந்த வழியின் முன்னோடி ஆன்டன் பாய்சன் வாழ்க்கையும் அப்படித்தான். ஒரு பெண்ணைப் பல ஆண்டுகள் நேசித்தும் கைகூடாமல், மணமே செய்யாமல் வாழ்ந்த போதகர் அவர். 1920இல் தானே மனநல மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், இறையியல் மாணவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே இருந்து கற்கும் பயிற்சியைத் தொடங்கினார்.

ஆனால் இன்று அதே பலகையை மாட்டியிருப்பவர்களுக்குள் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். சிலர் உளவியலையும் இறையியலையும் முறையாகப் படித்தவர்கள். சிலரிடம் குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். மனச்சிக்கல் பெரும்பாலும் பாவத்தின் விளைவு, வேதமே மருந்து என்று சொல்லும் ஒரு பிரிவும் உண்டு. அங்கே போனால், கல்யாணம் ஆகாததற்கு உங்களிடம் என்ன குற்றம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் போன்றோரின் ஆய்வுகளில், துன்பத்தைக் கடவுள் தந்த தண்டனையாகப் பார்ப்பவர்களிடம் மன உளைச்சல் கூடுதலாகவே தெரிகிறது. அதனால் இவரிடம் பக்தியைப் பற்றி விசாரிப்பதற்கு முன் படிப்பைப் பற்றி விசாரியுங்கள்.

வழிபாட்டிடங்களில் மணமாகாதவர்களுக்கென நடக்கும் குழுக்களும் உண்டு. பல இடங்களில் அவை சீக்கிரமே வரன் பார்க்கும் மேடையாகிவிடும். துணை தேடுபவருக்கு லாபம், மற்றவருக்கு அலுப்பு.

என் கணக்கு இது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் இந்த மூவருக்கும் முன்னால் மருத்துவர். தனிமை, வீட்டாரின் நெருக்கடி, பிள்ளையில்லாத ஏக்கம் என்றால் மனநல ஆலோசகர். கடவுளோடுதான் சண்டை என்றால் குரு. இருவரையும் ஒரே காலத்தில் பார்ப்பதில் தப்பே இல்லை.

யாராக இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே, "எனக்குக் கடைசிவரை கல்யாணமே ஆகாவிட்டால் என் வாழ்க்கை எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "அப்படியெல்லாம் பேசாதீங்க, நல்லது நடக்கும்" என்று வாயை அடைப்பவரும் வேண்டாம், "அந்த ஆசையையே விட்டுடுங்க" என்று முடிவு கட்டுபவரும் வேண்டாம். "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவரிடம் அடுத்த சந்திப்புக்கு நேரம் வாங்கிக்கொள்ளலாம்.