சதுப்போரப் பரணா, சரிவுப் பரணா? விஸ்கான்சின் குன்றுகளில் முதிர்ந்த கலைமான் வேட்டை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையும், அதை ஒட்டிய மின்னசோட்டா, அயோவா, இலினாய் மாநிலங்களின் சில பகுதிகளும் சேர்ந்த நிலப்பரப்பை ‘டிரிஃப்ட்லெஸ்’ பகுதி என்பார்கள். கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்த நிலத்தை மூடாமல் சுற்றி விலகிச் சென்றதால், இங்கே குன்றுகள் மழுங்கவும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் உள்ளதுபோல் ஏரிகள் தோன்றவும் இல்லை. எனவே இங்கு சதுப்பு என்பது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: சரிவின் அடியில் கசியும் ஊற்று, பீவர் எனும் நீர்வாழ் கொறிவிலங்குகள் அணைகட்டித் தேக்கிய குட்டை, கிக்கப்பூ போன்ற ஆறு வளைந்து விலகியபின் விட்டுச்சென்ற பழைய தடம். சம்பும் வில்லோ புதர்களும் அடர்ந்த ஓரிரண்டு ஏக்கர் ஈரநிலம்தான் பல வேளைகளில் ஒரு பள்ளத்தாக்கின் மிக வயதான வெள்ளைவால் ஆண்மானுக்குப் புகலிடமாகிறது.

நம் பழைய வழக்குப்படி ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். முதிர்ந்த கலை என்று வேட்டைக்காரர்கள் சொல்வது பொதுவாக நான்கு வயதைக் கடந்ததை. பல வேட்டைப் பருவங்களைத் தாண்டிவந்த அந்த விலங்கு, மனித வாடை எங்கே, எந்நேரத்தில் வரும் என்பதைக் கற்றுவைத்திருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடைசெய்கிறது. விஸ்கான்சினிலோ உரிமத்துடனும் பருவ வரையறையுடனும் அது அனுமதிக்கப்படுகிறது. செப்டம்பர் நடுவில் வில் பருவம் தொடங்குகிறது. நவம்பர் இறுதியில், நன்றிநவிலல் நாளுக்கு முந்திய சனிக்கிழமையன்று, ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்குகிறது. மான்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் இம்மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபின், அது பரவிய மாவட்டங்களில் இரை வைத்து மானை வரவழைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே எங்கே அமர்வது என்பதே வேட்டைக்காரரின் முதன்மையான முடிவாகிவிடுகிறது.

அதில் போட்டியிடும் வழிகள் மூன்று: சதுப்பின் விளிம்பில் பரண் கட்டுவது, சதுப்புக்கு மேலுள்ள சரிவில் பரண் கட்டுவது, பரணே இல்லாமல் மெல்ல நடந்து தேடுவது.

சதுப்போரப் பரணின் கவர்ச்சி எளிதில் விளங்கும். தடங்கள் சேற்றில் தெளிவாகப் பதிகின்றன. கொம்பு தேய்த்த மரத்தண்டுகள் விளிம்பிலேயே தென்படுகின்றன. சம்புக்கு நடுவே சற்று உயர்ந்த காய்ந்த திட்டு ஒன்று இருந்தால், கலை பகல் முழுவதும் அதில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கக்கூடும். மாலையில் அது எழுந்து வெளியே வரும் வழி ஒன்றிரண்டுக்கு மேல் இராது. காற்று மட்டும் இல்லையென்றால் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது என்றே சொல்லலாம்.

ஆனால் குன்று நாட்டில் காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெயில் பட்ட சரிவில் காற்று சூடேறி மேலே ஏறுகிறது; வெயில் சாய்ந்ததும் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கின் அடியில் அமர்ந்திருப்பவரின் வாடை, மான் எழும் அதே மாலை நேரத்தில், வெளியேற வழியின்றி சதுப்பின்மீதே தேங்கிவிடும். முகட்டுக்கு மேலே மேற்குக் காற்று வீசுகிறது என்ற வானிலை அறிக்கை, அடியில் சுழலும் காற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதை அறிய அங்குள்ளவர்கள் எருக்கின் உறவான ஒரு செடியின் பஞ்சை ஒவ்வோர் இழையாகக் காற்றில் விட்டுப் பார்க்கிறார்கள். நம் எருக்கம்பஞ்சு போலவே மிதக்கும் அந்த இழை ஐம்பது கஜம் போய்த் திரும்பி வருவதைப் பார்த்தவர், பள்ளத்தின் அடியில் பரண் கட்டத் தயங்குவார். குட்டையிலிருந்து ஓடை ஒன்று வெளியேறி, இறங்கும் காற்றையும் தன் போக்கிலேயே கீழே இழுத்துச் சென்றால் மட்டும் நிலைமை மாறுகிறது. அத்தகைய குட்டையில் ஓடை வெளியேறும் கீழ்முனையில் மாலையில் அமரலாம்.

சரிவுப் பரணின் வலிமை, கலையின் படுக்கைப் பழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டது. காற்று மோதாத மறுபக்கச் சரிவில், முகட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் படுக்க அது விரும்புகிறது. முதுகுப் பக்கமிருந்து முகட்டைத் தாண்டி வரும் காற்று பின்னால் நடப்பதைச் சொல்கிறது, கீழிருந்து ஏறிவரும் காற்று பள்ளத்தைப் பற்றிச் சொல்கிறது, கண்கள் சரிவு முழுவதையும் பார்க்கின்றன. நவம்பர் முதல் பாதியில், இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும்போது, பிணைகளைத் தேடும் கலை சதுப்புக்குள் இறங்க வேண்டியதில்லை; ஏறுகாற்று வீசும் முற்பகலில் அதற்கு மேலே குறுக்காக நடந்தாலே உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்துவிடும். அந்தக் குறுக்குத்தடத்திற்குச் சற்று மேலே அமர்ந்தவரின் வாடை, மானின் தலைக்கு மேலாக உயர்ந்து போய்விடுகிறது. வில்லுக்கு 20 முதல் 30 கஜ தூரத்துக்குள் மான் வர வேண்டும் என்பதால், அகன்ற சரிவைவிட, முகட்டிலிருந்து விரல்போல் நீளும் மேடு ஒன்று சதுப்பை நோக்கி இறங்கி முடியும் இடமோ, சரிவின் நடுவே படிபோல் அமைந்த குறுகிய சமதளமோ மேலானது. வடக்கு நோக்கிய சரிவில் நவம்பர் வெயில் சரியாகப் படாது என்பதால், அங்கே ஏறுகாற்றை நம்பி அமர்வது தவறு.

என் தேர்வு சரிவுப் பரண்தான், அதிலும் காலை வேட்டைக்கு. காற்றுக்கு அப்பால் இன்னொரு காரணமும் உண்டு: சிறிய சதுப்புக்குள் ஒருமுறை தவறாக நுழைந்தாலும் அதன் முழுப்பரப்பும் கலைந்துவிடும். நூறு ஏக்கர் சதுப்பில் விரட்டப்பட்ட மான் வேறு மூலைக்குப் போகும். இரண்டு ஏக்கரில் அதற்கு வேறு மூலை இல்லை, பள்ளத்தாக்கையே விட்டுப் போய்விடும். ஆகவே விளிம்பை ஆராய்வதைப் பனி உருகும் இளவேனில் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, பருவம் தொடங்கியபின் அதைத் தொடாமல் காத்து, காற்று முற்றிலும் இசைந்த ஓரிரு மாலைகளுக்காக மட்டும் ஒதுக்கி வைப்பது நல்லது.

நடந்து தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை நின்ற ஈர இலைகளிலும், ஓசையை மறைக்கும் பலத்த காற்றிலும் அது பயன்படும். மற்ற நாட்களில் மானை முன்கூட்டியே எழுப்பிவிடும். துப்பாக்கிப் பருவத்தில், சுற்றியுள்ள காடுகளிலிருந்து துரத்தப்பட்ட கலைகள் சிறிய சதுப்பில் ஒடுங்கும்போது, ஒருவர் மெல்ல உள்ளே நடக்க, மற்றவர் வெளியேறும் வழிக்கு மேலே சரிவில் காத்திருப்பதுண்டு. அப்போதும் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஆடை கட்டாயம். மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் எடுப்பாகத் தெரியாது. சரிவிலிருந்து கீழ்நோக்கிச் சுடும் தோட்டா மண்ணில் புதையும் என்பதும் சிறிய நன்மையல்ல.

அம்பு பட்டபின் நடப்பதையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். வயிற்றில் காயப்பட்ட மான் அடர்ந்த மறைவையும் நீரையும் நாடிப் போவது வழக்கம். சதுப்பு விளிம்பில் அடிபட்டால் சில அடிகளிலேயே நீருக்குள் இறங்கிவிடும், தண்ணீரில் இரத்தத் தடம் நிற்காது. சரிவில் அடிபட்டதும் சதுப்பை நோக்கியே ஓடக்கூடும், ஆனால் அது ஓடிய திசையைக் காய்ந்த இலைகளில் பார்த்துக் குறித்துக்கொள்ள முடியும். கிடைத்த மானை வெளியே கொண்டுவருவதிலும் இதே வேறுபாடுதான்: குடல் நீக்கியபிறகும் 70 கிலோவை எளிதில் தாண்டும் கலையைச் சரிவில் ஒருவரே கீழ்நோக்கி இழுத்துவிடலாம், முழங்கால் சேற்றிலிருந்து எடுக்க இருவர் வேண்டும், இருட்டியபின் அதற்கும் மேல்.