ஏ.ஆர்.டி. சென்டரா, தெருமுனை டாக்டரா? எச்.ஐ.வி. உள்ளவர் எதற்கு யாரிடம் போவது

எங்கள் அத்தை 2009-லிருந்து எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கு அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. சென்டருக்கு, அதாவது எச்.ஐ.வி. வைரஸை அடக்கும் மருந்து தரும் மையத்துக்குப் போவார். சர்க்கரை, மூட்டுவலி, நெஞ்செரிச்சல் இவற்றுக்கெல்லாம் எங்கள் தெருமுனை கிளினிக் டாக்டர்தான். 12 வருடமாக அந்த டாக்டருக்கு அத்தையின் எச்.ஐ.வி. விஷயம் தெரியாது. அத்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தத் தவறால் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் எல்லாவற்றையும் சென்டரிலேயே பார்த்துக்கொள்ளலாமா, குடும்ப டாக்டர் போதுமா, தனியார் நிபுணரிடம் போவது மேலா என்று பலரும் கேட்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் சென்டர். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு 18 வருடம் கழித்து, 2004 ஏப்ரல் 1-ம் தேதி, அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. நாடு முழுவதும் அன்று தொடங்கிய 8 மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அந்த நாள் முதல் சேர்ந்த அனுபவம் இந்த மையங்களிடம் இருக்கிறது. மாத்திரை இலவசம், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோட் பரிசோதனையும் இலவசம். கவுன்சலர் இருக்கிறார். எச்.ஐ.வி.யோடு வாழ்கிற ஒருவரே கேர் கோஆர்டினேட்டராக உட்கார்ந்திருப்பார். புதிதாக வந்து அழுகிறவரிடம் "நானும் சாப்பிடறேன், பாருங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரால் சொல்ல முடியும். எந்த டாக்டராலும் தர முடியாத மருந்து அது.

மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, வைரல் லோட் இறங்காமல் நின்றால் அடுத்த கட்ட மருந்துக்குப் போவது, இவற்றில் சென்டருக்கு ஈடு கிடையாது. அத்தைக்கு முதலில் நெவிரபின் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எஃபாவிரென்ஸ். அதைச் சாப்பிட்ட இரவுகளில் தலைச்சுற்றலும் பயங்கரக் கனவுகளுமாகத் தவித்தார். 2021-ல் டி.எல்.டி.க்கு மாற்றினார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. இந்த முடிவுகளை ஒரு கிளினிக் டாக்டர் தனியாக எடுத்திருக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

ஆனால் சென்டரால் முடியாதவையும் உண்டு. கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். தூரத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. சில மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதும், ஊருக்கு அருகிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ள லிங்க் சென்டர்கள் வைத்ததும் இந்தச் சுமையை ஓரளவு குறைத்திருக்கின்றன. ஆனாலும் ராத்திரி 8 மணிக்குக் காய்ச்சல் வந்தால் சென்டர் திறந்திருக்காது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வேறு ஓ.பி.க்குத்தான் போகச் சொல்வார்கள்.

தனியார் நிபுணரைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. நேரம் கொடுப்பார், ரகசியம் காப்பார். ஆனால் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் கைக்காசு போகும். பணம் முடைப்பட்ட ஒரு மாதத்தில் மாத்திரை நின்றுபோனால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு எதிர்ப்பும் உருவாகலாம். வாழ்நாள் முழுக்கச் செலவு தாங்கும் என்ற உறுதி இல்லாதவர் மாத்திரையைச் சென்டரில் வாங்குவதுதான் நல்லது. சிக்கலான கட்டத்தில் நிபுணரிடம் இன்னொரு கருத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, குடும்ப டாக்டர். என் கணக்கில் எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது இவரைத்தான். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்கள் இன்று 60, 70 வயதைத் தொடுகிறார்கள். அவர்களைப் படுத்துவது பெரும்பாலும் எச்.ஐ.வி. அல்ல. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், எலும்பு என்று எல்லோருக்கும் வருகிற நோய்கள்தான், சிலருக்குச் சற்று முன்னதாகவே வருகின்றன. இந்தியா உள்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவஸ்டாட்டின் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டதில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 35 சதவீதம் குறைந்தன. அதேபோல எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து 6 மடங்கு. 25 வயதிலிருந்தே அந்தப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் பார்ப்பது, கொழுப்பு பார்ப்பது, இந்தப் பரிசோதனைக்கு நினைவூட்டி அனுப்புவது எல்லாம் குடும்ப டாக்டரின் வேலை.

எச்.ஐ.வி.யை முதலில் சந்தேகிக்க வேண்டியவரும் அவர்தான். இளம் வயதில் அக்கி, வாயில் வெள்ளைப் படலம், நிற்காத பேதி, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றைப் பார்க்கும்போது, ஒப்புதல் கேட்டு, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினால் ஒரு உயிர் சீக்கிரம் காப்பாற்றப்படும். ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை இதில் ஒன்று இருந்தாலே காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். விஷயம் தெரியாத டாக்டர் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதுவார். அவற்றில் சில, காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கிவைத்து, கண்டுபிடிப்பதையே தள்ளிப்போட்டுவிடும்.

இப்போது அத்தையின் கதைக்கு வருகிறேன். டி.எல்.டி.க்கு மாறிய பிறகு ஓயாத வயிற்றுப்போக்கு, குமட்டல். மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்தவே யோசித்தார். சென்டரில் கவுன்சலர், "வேற என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் சர்க்கரைக்கு நாளைக்கு 2000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் சாப்பிடுவது தெரிந்தது. டோலுடெக்ராவிர் இருக்கும்போது மெட்ஃபார்மினின் அளவு ரத்தத்தில் ஏறும், அதனால் நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. தெரு டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தெரியாத நோய்க்கு எந்த டாக்டர் மருந்தைக் குறைப்பார்?

இப்படி மோதுகிற மருந்துகள் நிறைய உண்டு, அத்தனையும் சாதாரண மருந்துகள். வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு கால்சியம் அல்லது இரும்பு மாத்திரை சேர்ந்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அந்த மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். அலுமினியம், மக்னீசியம் உள்ள ஆன்டாசிட்டுக்கும் அதே 2 மணி, 6 மணி இடைவெளி வேண்டும், சாப்பாட்டோடு என்றாலும் சேரக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். இரண்டாம் கட்ட மருந்தான அட்டசனாவிர் சாப்பிடுகிறவருக்கு, நாம் கேஸ் மாத்திரை என்று சொல்லும் பான்டாப்பிரசோலோ ஒமிப்பிரசோலோ கொடுத்தால் அட்டசனாவிர் சரியாக வேலை செய்யாது. அதோடு சேர்த்துத் தரும் ரிட்டோனாவிர் உடம்பில் இருக்கும்போது மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ, ஆஸ்துமாவுக்கு ஃபுளூட்டிகசோன் இன்ஹேலர் எழுதினாலோ ஸ்டீராய்டு ரத்தத்தில் குவிந்து ஆளையே ஊதவைத்துவிடும். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. அதோடு மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் சாப்பிட்டால் ஆபத்து கூடும். அப்புறம் ஒன்று: டோலுடெக்ராவிரால் கிரியாட்டினின் லேசாக ஏறும், சிறுநீரகம் கெட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மருந்து தெரிந்த டாக்டர் நிதானமாகப் பார்ப்பார், தெரியாதவர் பதறுவார்.

சொன்னால் வைத்தியம் பார்க்க மறுத்துவிடுவாரோ, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் பொய்யில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு பல் கிளினிக்கில் "இன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை" என்று மூன்று முறை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது சட்டத்துக்கு எதிரானது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒப்புதல் இல்லாமல் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சிகிச்சைக்கு அவசியம் என்றால் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் சொல்லலாம் என்பதும் அவற்றில் ஒன்று.

வெளிநாடுகளில் இரண்டு வேறு வழிகள். தென் ஆப்பிரிக்காவில் 2010-லிருந்து பயிற்சி பெற்ற நர்ஸ்களே ஆரம்ப சுகாதார கிளினிக்கில் ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்குகிறார்கள். இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சையில் இருப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பிரிட்டனில் எச்.ஐ.வி. மாத்திரை சிறப்பு கிளினிக்கில் மட்டும்தான், மற்ற எல்லாம் குடும்ப டாக்டரிடம். இருவருக்கும் நடுவே கடிதம் போய் வரும், நோயாளி சம்மதித்தால். நம் ஊருக்குப் பிரிட்டன் வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். மருந்து இலவசமாகக் கிடைக்கிற இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அந்தக் கடிதம்தான். நம் ஊரில் அந்த வேலையைப் பச்சைப் புத்தகம் செய்யலாம். சென்டர் ஒவ்வொருவரிடமும் தருகிற அதில் என்ன மருந்து, எந்தத் தேதியில் மாறியது என்பதெல்லாம் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது புடவைக்கு அடியில் கிடக்கிறது.

அத்தை ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், கோபமில்லாமல். "பயமா இருந்துச்சு டாக்டர்" என்றார் அத்தை. மெட்ஃபார்மினைப் பாதியாக்கி, குறைத்த அளவுக்கு ஈடாக வேறு ஒரு மாத்திரை சேர்த்தார். டைக்ளோஃபெனாக்கை அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதினார். காலைக் கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளினார். அந்தச் சீட்டில் தன் செல் நம்பரையும் எழுதி, அடுத்த முறை சென்டரில் காட்டச் சொன்னார். அத்தை அதை நான்காக மடித்துப் பச்சைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.