காஸ்கேட் பனியா, கொலராடோ பனியா: முதல் குளிர்காலத்தை எங்கே தொடங்கலாம்?

குழியின் அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். விரல் இடுக்கு வழியாக அத்தனையும் வழிந்து கொட்டியது. எவ்வளவு இறுக்கியும் உருண்டை பிடிக்க வரவில்லை. கொலராடோவில் பெர்தூட் கணவாய்க்கு மேலே, ஜனவரிக் கடைசியில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு நாங்கள் தோண்டிய பனிக்குழி அது. மேலே அறுபது சென்டிமீட்டர் அட்டை போல இறுகிய பனி. அடியில் நாற்பது சென்டிமீட்டர் முழுக்கச் சர்க்கரை. உடைத்த கல்கண்டு போல ஒவ்வொரு மணியும் பட்டை பட்டையாக மின்னியது. நவம்பருக்கு முன்பே விழுந்து, மூன்று மாதமாகத் தரையோடு கிடந்த பனி.

சில வருடம் கழித்து சியாட்டிலுக்கு வேலை மாறினேன். வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேட் மலைத்தொடரில், ஸ்டீவன்ஸ் கணவாய்ப் பக்கம் தோண்டிய முதல் குழியில் தரையே எட்டவில்லை. பனியைக் குத்தி ஆழம் பார்க்கும் ப்ரோப் கம்பி, இரண்டரை மீட்டர், கைப்பிடி வரை இறங்கியது. அங்கே அள்ளிய பனி அழுத்தியவுடன் கொழுக்கட்டை மாவு போலப் பிடித்துக்கொண்டது. விரலைத் திறந்தால் உள்ளங்கை ரேகை அதில் பதிந்திருந்தது.

கோடையில் ரெய்னியர் பக்கமும் ராக்கி மலைகளிலும் நடந்து பழகிய நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது ஏறவும் சறுக்கவும் உதவும் டூரிங் ஸ்கீயும், இரண்டாகப் பிரியும் பனிப்பலகையான ஸ்பிளிட்போர்டும் வாங்குகிறார்கள். ஸ்கீ ரிசார்ட் எல்லையைத் தாண்டி, யாரும் வெடி வைத்துச் சரிவைச் சுத்தம் செய்யாத பேக்கன்ட்ரியில் இறங்க ஆசைப்படுகிறார்கள். இரண்டு ஊரிலும் இருந்தவன் என்பதால் எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். என் பதில் காஸ்கேட். அந்தப் பதிலில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சொன்னதே தப்பாகிவிடும்.

சர்க்கரை எப்படி உருவாகிறது

குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் இருக்கும் தரை ஏறக்குறைய சுழியம் டிகிரியிலேயே நிற்கும். மேற்பரப்பு காற்றின் குளிரை வாங்கும். இந்த இரண்டு வெப்பநிலைக்கும் நடுவே எத்தனை பனி இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கொலராடோவில் ஒரு மீட்டர் பனி, தெளிந்த ஜனவரி இரவு, மேற்பரப்பு மைனஸ் 20 டிகிரி என்று வையுங்கள். பத்து சென்டிமீட்டருக்கு 2 டிகிரி வித்தியாசம். பத்து சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே நீராவி கீழிருந்து மேலே ஏறி, உருண்டை மணிகளைத் தின்று, ஒட்டாத பட்டை மணிகளாக மாற்றிவிடும். காஸ்கேடில் மூன்று மீட்டர் பனி, மேற்பரப்பு மைனஸ் 6. கணக்குப் போட்டால் பத்து சென்டிமீட்டருக்கு வெறும் 0.2 டிகிரி. அங்கே மணிகள் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, நாளாக நாளாக உறுதியாகின்றன.

அதனால்தான் நிறையப் பனி விழும் மலை ஆபத்து, குறைவாக விழும் மலை பத்திரம் என்று நினைப்பது தவறு. வாஷிங்டனின் மவுன்ட் பேக்கர் ஸ்கீ மலையில் 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 29 மீட்டர் பனி விழுந்து உலகச் சாதனை ஆனது. கொலராடோவில் அதற்குப் பக்கத்தில்கூட எதுவும் வராது. ஆனால் அமெரிக்க மாநிலங்களிலேயே பனிச்சரிவில் அதிக உயிர்களை இழப்பது கொலராடோதான். 2020-21 குளிர்காலத்தில் நாடு முழுக்க 37 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் கொலராடோவில். அந்த வருடமும் கதை இதேதான்: சீக்கிரமே விழுந்த கொஞ்சம் பனி, நீண்ட வறட்சி, அடியில் சர்க்கரை, அதன்மேல் தாமதமாக வந்த பெரும்பாரம்.

அன்று அந்தப் பெர்தூட் குழியில் சோதனை செய்து பார்த்தோம். சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு பனித்தூணை அறுத்து, ஓரத்தில் ஷவலை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. பதின்மூன்றாவது தட்டில் ஷவல் வைத்த ஓரத்தில் தொடங்கிய விரிசல் தொண்ணூறு சென்டிமீட்டரையும் ஒரே வீச்சில் கடந்து, மேல்பாளம் அப்படியே அலமாரி இழுப்பறை போல என் மடியில் வந்து விழுந்தது. முழங்கையை ஆட்டித் தட்டிய தட்டுக்கே இப்படி. சறுக்கிக்கொண்டு வரும் ஆளின் எடைக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

திரும்பும் வழியில் ஏறக்குறைய சமதளமான ஒரு புல்வெளியைக் கடந்தோம். காலடியில் 'வூம்ஃப்' என்று ஒரு சத்தம். பெரிய பாய் ஒன்றிலிருந்து காற்றை ஒரேயடியாகப் பிதுக்கியது போல. பத்தடி தள்ளி நின்ற சின்ன மரங்கள் சிலிர்த்தன.

"கேட்டியா?"

"கேட்டுச்சு. அசையாதே."

அடியில் இருந்த சர்க்கரை மடங்கி, மேல்பாளம் ஒரு விரற்கடை கீழே இறங்கிய சத்தம் அது. இதே புல்வெளி 35 டிகிரி சாய்ந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் அதோடு போயிருப்போம்.

புயல் போன பிறகு

காஸ்கேடில் பெரும்பாலான பனிச்சரிவுகள் புயல் அடிக்கும்போதோ அது ஓய்ந்த ஒன்றிரண்டு நாளிலோ வருபவை. புதுப்பனி பழைய பனியோடு ஒட்டாத நேரம் அது. வெப்பம் சுழியத்தை ஒட்டியே இருப்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும்: சாலையோரச் சரிவுகளில் தானாக விழுந்த பனி, ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், மரத்திலிருந்து பொத்து பொத்தென்று விழும் பனிக்கட்டிகள். புதிதாகக் கற்பவருக்கு இது நல்ல வாத்தியார். தப்பு செய்தால் அன்றைக்கே காட்டிக்கொடுக்கும்.

கொலராடோ காட்டிக்கொடுக்காது. புயல் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும், வானம் நீலமாக இருக்கும், முன்னால் போன பத்துப் பேரின் தடம் சரிவில் இருக்கும். பதினோராவது ஆளின் கால் பாளம் மெலிந்த இடத்தில் பட்டால் சரிவு முழுக்கத் தரைவரை உடையும். 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லண்ட் கணவாய் அருகே ஷீப் கிரீக்கில் ஆறு பேர் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அன்றைய எச்சரிக்கையைப் படித்தவர்கள், அந்தச் சரிவைக் கவனத்தில் வைத்திருந்தவர்கள், இடைவெளி விட்டு நடந்தவர்கள். சரிவின் மேல் ஏறவும் இல்லை. அதன் அடிவாரத்தைக் கடக்கும்போதே மேலே பாளம் அறுந்தது. ஏப்ரல் மாதம் என்பதைக் கவனியுங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் உருவான பலவீனம் அதுவரை உயிரோடு இருந்தது.

இதனால் எச்சரிக்கை எண்ணையும் இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பனிச்சரிவு ஆபத்தைச் சொல்லும் ஐந்து நிலைகள் கொண்ட அளவுகோல் (5 தான் உச்சம்) இரண்டு மாநிலத்துக்கும் பொது. வடமேற்குப் பனிச்சரிவு மையமும் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையமும் முந்தைய மாலையே மறுநாள் அறிக்கையைத் தந்துவிடுகின்றன. காஸ்கேடில் 3 என்றால் பெரும்பாலும் புதுப்பனியின் பேச்சு. காத்திருந்தால் 2 ஆகும், அந்த 2 உண்மையிலேயே 2. கொலராடோவில் 3-லிருந்து 2-க்கு இறங்குகிறது என்றால், பனிச்சரிவைக் கிளப்பிவிடும் வாய்ப்புக் குறைகிறது, கிளம்பினால் வரும் சரிவின் அளவு குறைவதில்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, அதற்குக் கீழே இருக்கும் பிரச்சினையின் பெயரை. 'பெர்சிஸ்டென்ட் ஸ்லாப்', அதாவது நீடிக்கும் பலவீனத்தின் மேல் கிடக்கும் பாளம், என்று போட்டிருந்தால் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் எந்தச் சரிவும் எனக்குக் கிடையாது, அதன் அடிவாரமும் கிடையாது.

வானிலையில் யார் கொடியவர்

இதில் காஸ்கேடுதான். கொலராடோவின் குளிர் கடுமையாகத் தெரிந்தாலும் உலர்ந்த குளிர், உடுத்திச் சமாளிக்கலாம். அங்கே வானிலையில் பார்க்க வேண்டியது காற்று. மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரு பொட்டுப் பனி விழாத நாளிலும் முகட்டுப் பனியை வாரிக் கிழக்குச் சரிவுகளில் கொட்டிக்கொண்டே இருக்கும். முகட்டில் வெள்ளைக்கொடி பறப்பது போலப் பனித்தூள் பறந்தால் அந்தப் பக்கம் போவதில்லை. அப்புறம் உயரம்: லவ்லண்ட் கணவாயில் கார் நிறுத்துமிடமே 3,655 மீட்டர். தலைவலியோடு யாரும் நல்ல முடிவு எடுப்பதில்லை.

காஸ்கேடின் சிக்கல் வேறு. ஸ்னோகுவால்மி கணவாய் 921 மீட்டர்தான். ஜனவரியில் ஹவாய்ப் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஆறு போல வந்து மோதும். காலையில் பனியாக விழுந்தது மதியம் சிகரம் வரை மழையாகிவிடும். புதுப்பனி மேல் மழை பட்ட கொஞ்ச நேரத்திலேயே சரிவுகளில் பனி அறுந்து விழத் தொடங்கும். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த பனிச்சரிவு அப்படி வந்ததுதான். 1910 மார்ச் 1 அதிகாலை, ஸ்டீவன்ஸ் கணவாய் அருகே வெலிங்டனில், நாள்கணக்கில் அடித்த பனிப்புயலில் நகர முடியாமல் நின்ற இரண்டு ரயில்களைப் பனி பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன் பனி மாறி மழையும் இடியும் வந்திருந்தது. இப்போதும் அங்கே உறைநிலை உயரம், அதாவது வெப்பம் சுழியமாகும் உயரம், ஒரே நாளில் எத்தனை அடி ஏறும் என்று பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. நனைந்த உடையோடு 1 டிகிரியில் நிற்பது உலர்ந்த உடையோடு மைனஸ் 15-இல் நிற்பதை விடக் கொடுமை.

புதைந்தால்

புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவியான பீக்கன், ப்ரோப், ஷவல் மூன்றும் இரண்டு இடத்திலும் கட்டாயம். பனிக்கு மேலே மிதக்க உதவும் காற்றுப்பை நல்லது, கூடுதல். பதினைந்து நிமிடம் கணக்கு எல்லோரும் சொல்வது: அதற்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பழைய புள்ளிவிவரம் காட்டியது. கனடாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒப்பிட்டு 2011-இல் வந்த ஆய்வில் கனடாவில் பிழைப்பவர் விகிதம் இன்னும் சீக்கிரம் சரிகிறது. காரணங்களில் ஒன்று, கடலோர மலைகளின் கனத்த பனி மூச்சுக்கு இடமே விடாமல் அடைத்துக்கொள்வது. காஸ்கேடும் அதே ஜாதிப் பனி. உள்ளூர்க்காரர்கள் அதைக் கான்கிரீட் என்பார்கள். தோண்டிப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் புரியும்.

அங்கே காடும் அடர்த்தி. பனி இழுத்துக்கொண்டு போய் மரத்தில் அடிப்பதே ஆளைக் கொல்லும். பனிச்சரிவே இல்லாமல்கூட, பெரிய மரத்தடியில் கிளை மறைத்த பள்ளத்தில் தலைகீழாக விழுந்து மூச்சடைத்து இறப்பவர்கள் உண்டு. துணைவர் எப்போதும் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆகவே

முதல் இரண்டு குளிர்காலம் காஸ்கேடில். மூன்று நாள் முதல்நிலைப் பயிற்சி முடித்துவிட்டு, புயல் ஓய்ந்து இரண்டு நாள் பொறுத்து, மழை வராத நாளாகப் பார்த்து இறங்குங்கள். நான் முதலில் சொன்ன ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'இரண்டு நாள் பொறுத்தால் போதும்' என்பது காஸ்கேட் கற்றுக்கொடுக்கும் பழக்கம். அதே பழக்கத்தோடு கொலராடோவின் டென்வருக்கு விமானம் ஏறுபவரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. காஸ்கேடிலேயே அது எப்போதும் செல்லாது. தெளிந்த குளிர் இரவில் பனி மேல் பூக்கும் இறகுப் படிகங்கள் அடுத்த பனியில் புதைந்தால் அங்கேயும் பல நாள் பலவீனம் நீடிக்கும். 2012 பிப்ரவரி 19 அன்று ஸ்டீவன்ஸ் கணவாய்க்குப் பின்புறம் டனல் கிரீக்கில் மூன்று பேரைக் கொண்டுபோன பனிச்சரிவின் அடியில் இருந்தவை அந்தப் படிகங்கள்தான். இறங்கியவர்களில் பலர் அந்த மலையிலேயே வாழ்ந்தவர்கள்.

கொலராடோவுக்கு நான் இப்போதும் போகிறேன். குளிர்காலத்தில் போனால் செல்போனின் சாய்வுமானியில் 28 டிகிரி காட்டும் சரிவோடு நின்றுவிடுவேன். செங்குத்துச் சரிவுகளுக்கு மே மாதம். இரவில் நன்றாக உறைந்திருந்தால் விடிவதற்கு முன் ஏறத் தொடங்கி, வெயில் ஒரு அங்குலம் மட்டும் இளக்கிய நேரத்தில் சறுக்கி, பூட்ஸ் கணுக்கால் வரை புதைவதற்குள் காருக்குத் திரும்பிவிடுவோம். அங்கே இருக்கும் நண்பர் வருடாவருடம் டிசம்பரில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புவார்: ஷவலில் அள்ளிய அடிப்பனி, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். மணி மணியாக இருந்தால் அன்றைக்கே மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிடுவேன்.