டெலூஜ்: எல்லாம் சரி, அந்த 2.7 வோல்ட்டைத் தவிர

டெலோஸ்பி மோட்டுகளில் (பேட்டரியில் ஓடி, அளந்ததை ரேடியோவில் அனுப்பும் சிறு சென்சார் கருவிகள்) டெலூஜ் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புதிய நிரலை ரேடியோ வழியே மோட்டுக்கு மோட் பரப்பும் மென்பொருள் அது. மோட்டின் இயங்குதளமான டைனிஓஎஸ், ரேடியோ சிப்பான சிசி2420 எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். நேரே எரிச்சலுக்கு வருகிறேன்.

இரண்டு ஏஏ செல்லில் மோட் 2.1 வோல்ட் வரை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதத்தான் 2.7 வேண்டும். செல் ஒன்றுக்கு 1.35க்குக் கீழே இறங்கினால் கதை முடிந்தது. நிக்கல் ரீசார்ஜபிள் என்றால் சார்ஜர் சூடு ஆறியதுமே அந்த நிலைதான். மோட் தொடங்கும்போது நிரலை ஏற்றும் பூட்லோடர் வோல்டேஜைப் பார்க்கும், குறைவென்றால் பேசாமல் பழைய நிரலையே ஓட்டும். புதிய நிரலில் பாக்கெட் அமைப்பு மாறியிருந்தால் நெட்வொர்க் இரண்டாகப் பிளந்து நிற்கும். அதனால் சென்சார் அளவோடு வோல்டேஜையும் அனுப்ப வையுங்கள். முதலில் பரப்ப மட்டும் சொல்லுங்கள். மறுதொடக்கம் எல்லா மோட்டும் 2.8ஐத் தாண்டியிருந்தால் மட்டும்.

அடுத்தது ரேடியோவின் தூக்கம். டெலூஜ் நிரலைப் பக்கம் பக்கமாக அனுப்பும்: ஒரு பக்கம் 48 பாக்கெட், 1,104 பைட். ரேடியோ 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விழிக்கும்படி வைத்திருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டின் பிராட்காஸ்டும் அரை செகண்ட் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக்கு 24 செகண்ட். 30 கிலோபைட் நிரல் 28 பக்கம். ஒரு மோட்டிலிருந்து அடுத்ததற்கு, ஒரு தாவலுக்கே 11 நிமிடம், தொலைந்த பாக்கெட் கணக்கில் இல்லாமல். எனவே பரப்பும் முன் தூக்கத்தை நிறுத்தி, முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். திருப்பும் கட்டளையைத் தவறவிட்ட மோட் 18.8 மில்லியாம்பில் கேட்டுக்கொண்டே கிடக்கும்: 2,500 எம்ஏஎச் செல் ஆறு நாள்கூடத் தாங்காது.

அந்தக் கட்டளையை, சிறு மதிப்புகளை நெட்வொர்க் முழுக்கப் பரப்பும் டிரிப் வழியே அனுப்பினால் பயமில்லை. அதன் அடியில் ஓடுவது 2004இல் வந்த டிரிக்கிள் என்ற பரப்பும் முறை. 2011இல் ஆர்எஃப்சி 6206 என்ற இணையத் தர ஆவணம் ஆனது. இதைக் குறை சொல்ல வாய் வராது. பக்கத்து மோட்டுகள் அதே பதிப்பு எண்ணைச் சொல்லிவிட்டால் இது வாயை மூடிக்கொள்ளும், இடைவெளியை இரட்டிப்பாக்கும். 1 செகண்டில் தொடங்கிப் பத்து இரட்டிப்பில் 17 நிமிடம். பழைய எண் ஒன்று காதில் விழுந்தால் உடனே 1க்குத் திரும்பிவிடும். நாள் கழித்து உயிர்பெற்ற மோட்டுக்கும் செய்தி போய்ச்சேரும். கடைசி மதிப்பு மட்டுமே சேரும் என்பதை மறக்காதீர்கள். வரிசையாகக் கட்டளை அனுப்ப இது ஆகாது.

அளவுரு மாற்ற மட்டும் என்றால் டிரிப் போதும், டெலூஜ் வேண்டாம். ஆனால் மர உச்சியில் கட்டிய மோட்டிலிருந்து டெலூஜைக் கழற்றச் சொன்னால் நான் கழற்ற மாட்டேன். யூஎஸ்பி கேபிளோடு யார் ஏறுவது?