எட்டு மாதத்தில் ஓய்ந்துபோன பெட்ரோல் பம்ப்

மணிக்கு 255 லிட்டர் பெட்ரோலை இன்ஜினுக்குத் தரும் என்று விற்கப்பட்ட மாற்று பம்பை என் 1994 மஸ்தா எம்எக்ஸ்-5 காரில் பொருத்திய எட்டாம் மாதமே, இன்ஜின் சூடேறியதும் மேட்டில் இழுவை குறைந்து வண்டி நிற்கத் தொடங்கியது. பழுது கண்டறிய உதவும் டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி (பெட்ரோல் பம்ப்) முனையையும் ஜிஎன்டி (எர்த்) முனையையும் கம்பியால் இணைத்து, இன்ஜினை இயக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டபோது, 40 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் நிற்க வேண்டிய பெட்ரோல் அழுத்தம் 24-ஐத் தாண்டவில்லை. ஃபில்டர் புதியது, பம்பின் முனையில் மின்னழுத்தமும் 12.1 வோல்ட் இருந்தது. டேங்குக்குத் திரும்பும் குழாயை இடுக்கியால் நசுக்கியும் அழுத்தமானியின் முள் ஏறாததால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மீதான சந்தேகமும் நீங்கியது.

பம்ப் இருக்கும் டேங்கைத் திறந்த பிறகே உண்மை தெரிந்தது. பம்புடன் வந்த ரப்பர் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பி, கிளாம்ப் கடித்த இடத்தில் நகக்கீறல் போல நீளவாக்கில் பிளந்திருந்தது. பெட்ரோலுக்குள் முழுவதும் மூழ்கிக் கிடக்கும் குழாய், அதற்கென்றே வகுக்கப்பட்ட ஜே30ஆர்10 தரத்தில் இருக்க வேண்டும். டேங்குக்கு வெளியே மட்டும் பயன்படுத்தக்கூடிய குழாயைப் பம்புடன் பெட்டியில் வைத்து விற்பது மன்னிக்கத்தக்கதல்ல. சரியான குழாயை மாற்றிய பிறகும் அழுத்தம் 31-லேயே நின்றதால், பம்பும் தேய்ந்துவிட்டது என்பது உறுதியானது. விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆயினும் இந்தப் பம்பை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கழற்றி வைத்திருந்த பழைய அசல் பம்பையே மீண்டும் பொருத்தியிருக்கிறேன். டர்போ இல்லாத இந்த இன்ஜினுக்கு அதுவே தாராளமாகப் போதும்.