இரட்டைக் கண்ணாடி ஜன்னலோடு குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: ஒரு மதிப்பீடு

பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்தும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தபோது, குளியலறைக்கான எக்ஸாஸ்ட் ஃபேனையும் அவர்களிடமே ஒப்படைத்தோம். ஜன்னல் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபேன் வேலையைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய சட்டங்களின் இடுக்குகளில் காற்று ஓயாமல் புகுந்து வெளியேறியதால், குளிக்கும்போது எழும் நீராவியில் ஒரு பகுதி தானாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. புதிய சட்டங்களின் ரப்பர் பட்டைகள் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. உட்புறக் கண்ணாடி முன்புபோல் குளிர்வதில்லை என்பதால் அதில் நீர்த்துளி படிவது குறைகிறது. ஆனால் அதே ஈரம் வெளிச்சுவரின் மூலையையும் கூரையின் விளிம்பையும் தேடிப்போய்ப் படிந்து, கரும்பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. ஜன்னலை மாற்றும்போதே ஃபேனையும் வைத்துவிடுவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

அளவெடுக்க வந்தவர், கண்ணாடியிலேயே ஃபேனைப் பொருத்தலாம் என்று யோசனை சொன்னார். இரட்டைக் கண்ணாடி என்பது இரு தகடுகளுக்கு நடுவே உலர்ந்த காற்றையோ ஆர்கான் வாயுவையோ அடைத்து, விளிம்பு முழுவதும் மூடிய அலகு. அதை வீட்டில் வைத்துத் துளைத்தால் அந்த அடைப்பு போய்விடும். சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் துளைக்கும்போதே நொறுங்கிவிடும். ஆகவே துளையையும் அதைச் சுற்றிய தனி அடைப்பையும் தொழிற்சாலையிலேயே செய்து வாங்க வேண்டும். பின்னாளில் ஃபேன் பழுதாகி, அதே அளவில் வேறொன்று கிடைக்காவிட்டால் கண்ணாடியையே மாற்ற நேரிடும் என்பதால், சுவர் வழியாகவே பொருத்தச் சொன்னோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள, டைமரும் ஈரப்பத சென்சாரும் கொண்ட ஆக்ஸியல் வகை ஃபேன், அதாவது இறக்கைகள் சுழலும் அச்சின் திசையிலேயே காற்றை நேராகத் தள்ளும் வகை. விநாடிக்கு 15 லிட்டர், அதாவது மணிக்கு 54 கன மீட்டர் காற்றை வெளியேற்றினால் சாதாரணக் குளியலறைக்குப் போதும். குழாய் சுவரை நேராகத் துளைத்துப் போவதால் இந்த வகையே ஈடுகொடுக்கிறது. கூரைக்கு மேலே நீண்ட குழாய் போட வேண்டிய இடங்களில் இது திணறும், அங்கே குழாயின் நடுவிலேயே பொருத்தும் இன்லைன் ஃபேன்தான் சரி. விளக்கை அணைத்த பிறகும் 15 நிமிடம் ஓடும்படி டைமரை வைத்திருக்கிறோம். கண்ணாடியும் சுவரும் விரைவில் காய்ந்துவிடுகின்றன. சென்சாரைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல மாட்டேன். மழை நாட்களில் யாரும் குளிக்காமலேயே, சில சமயம் நள்ளிரவிலும், அது ஃபேனை ஓடவைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் சிறிய திருகைச் சற்றுத் திருப்பி அதன் உணர்திறனைக் குறைத்த பிறகே அடங்கியது. சத்தம் குறைவுதான், ஆனால் பலத்த காற்றில் வெளிப்புறத் தடுப்பு மடல்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன.

பொருத்திய விதத்தில் இரண்டு குறைகள். சுவருக்குள் சுருக்கங்கள் நிறைந்த வளையும் குழாயை இழுத்து நீட்டாமல் திணித்திருந்ததால் காற்றோட்டம் மந்தமாக இருந்தது. முறையிட்டதும், வழவழப்பான கெட்டிக் குழாயை, உள்ளே தேங்கும் நீர் வெளியே வழியும்படி சிறு சரிவோடு மாற்றிக் கொடுத்தார்கள். மின் இணைப்பு தங்கள் வேலையில் சேராது என்பதை மட்டும் வேலை முடியும் நாளில்தான் சொன்னார்கள், அதற்குத் தனியாக எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டியதாயிற்று. விலைப்பட்டியல் வாங்கும்போதே இதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

கதவடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொன்னவரும் அந்த எலக்ட்ரீஷியன்தான். உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாவிட்டால் எந்த ஃபேனும் வெளியே இழுக்காது என்றார் அவர். கதவின் அடியைச் சற்றுச் சீவியதும் ஃபேனின் இழுப்பு கூடியது தெரிந்தது.